கஞ்சி போடாத ஓணப் போர்வை

“இந்த ஊர்ல ஒரு மணிக்கூறு கரண்டு போனா சட்டையக் கழத்திப் போட்டுட்டு வாசல்ல உட்காருதோம். இவ போர்வை தைக்காளாம். யாருக்குப் போத்தப் போற? செத்தவனுக்கா?”

அத்தை இதைச் சொன்னபோது என் கையில் ஊசி இருந்தது. எதிரே அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அத்தை அப்பாவின் அக்கா. திருவனந்தபுரத்துக் கரமனையில், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, அப்பாவைப் போலவே அவளும் துணி தேய்த்துக் கொடுக்கிறாள். அவள் துணி தேய்க்கும் வீட்டுக்காரர் ஒருவருக்கு, சாலை என்ற கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை உண்டு. அங்கே எனக்கு கேஷியர் நாற்காலி பேசி வைத்துவிட்டு வந்திருந்தாள். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த நான், பி.காம். முடித்தவள், தையல்காரர்கள் கழித்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கி வந்து தரையில் பரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நான் ஓணம் வரை நேரம் கேட்டேன். கையில் ஆறு போர்வைக்கு ஓர் ஆர்டர் இருந்தது. ஓணத்துக்கு முன் அதை முடித்துக் கொடுத்து, அடுத்த ஆர்டரும் வந்தால் போர்வை. இல்லாவிட்டால் கேஷியர் நாற்காலி. அப்பா தலையசைத்தார். அத்தை என்னைப் பார்க்காமல் அம்மாவிடம், “கடைக்காரரு ஓணம் வரைக்கும் சீட்டு போட்டு வைக்க இது என்ன பஸ்ஸா?” என்று கேட்டாள். ஆனால் கடைக்காரரிடம் போய்ச் சொல்லத்தான் செய்தாள்.

அந்த ஆர்டர் வந்தது அப்பாவின் தேய்ப்பு வண்டியிலிருந்துதான். நான் முதலில் தைத்த போர்வையை வண்டியின் தார்ப்பாய்க் கயிற்றில் காயப் போட்டிருந்தேன். அப்பாவிடம் துணி கொடுக்கும் சேச்சி ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வெளிநாட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். விதுராவில், பொன்முடி மலைக்குப் போகும் சாலையில், தங்க வருகிறவர்களுக்கு நாலு அறை கட்டி விட்டிருந்தார். அங்கே விடியற்காலையில் குளிரும். போர்வை வேண்டும். கடைப் போர்வை கல்யாண மண்டபத்து ஜமுக்காளம் போலிருக்கிறது என்றார். ஓணத்துக்கு வருகிறவர்களுக்குப் பூக்களம் என்கிற பூக்கோலம், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், விஷுவுக்குக் கொன்னைப்பூ என்று பருவத்துக்கொன்றாகப் போர்வை மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அதுவரை நான் தைத்திருந்தது இரண்டே போர்வை.

நான் கற்றது போனில். எங்கோ பனி பெய்கிற ஊர்களில் பெண்கள் பூசணிக்காயும் கலைமானும் வைத்துப் பண்டிகைக்கொரு போர்வை தைக்கிற வீடியோக்கள். அவர்கள் பேசுவது பாதி புரியாவிட்டாலும் கை செய்வது முழுக்கப் புரிந்தது. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றையும் சேர்த்து நூலோட்டம். பஞ்சு நம் ஊருக்கு ஆகாது. அதற்குப் பதில் பழைய பருத்தி வேட்டியை நடுவில் வைத்தேன். பத்து வளையத்தில் பூக்களம், ஓணத்தின் முதல் நாளான அத்தத்திலிருந்து திருவோணம் வரை நாளுக்கொரு வளையம். செத்திப் பூவுக்குச் சிவப்பு, வாடாமல்லி ஊதா, தும்பைக்கு வெள்ளை. எல்லாமே பிளவுஸ் தைத்து மிஞ்சிய துண்டுகள்.

வட்டத்தை வெட்டுவதுதான் கஷ்டம். குறுக்கே வெட்டிய துணி கையில் எடுத்ததும் இழுத்துக்கொண்டு போகும், வளையம் முட்டையாகிவிடும். இதற்குத் துணி விறைப்பாக இருக்க வேண்டும். விறைப்புக்கு என் வீட்டில் என்ன குறை? அப்பா போடும் கஞ்சிக்கு கரமனையில் பெயர் உண்டு. அவர் தேய்த்த வேட்டியை நிறுத்தி வைத்தால் நிற்கும். ஒட்டுத்துண்டு, நடு வேட்டி, அடித்துணி என்று எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துக் கஞ்சி போட்டு வாங்கினேன். வளையங்கள் தட்டு மாதிரி வந்தன. தைத்த பிறகு கஞ்சியை அலசி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மொடமொடவென்று இருந்தால்தான் எங்களுக்குத் துணி புதிது. கசங்கிய துணியை ஒருவர் கையில் கொடுப்பது எங்கள் வீட்டில் மானக்கேடு.

முதல் நாலு போர்வையை, இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நெடுமங்காடு வழி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேச்சி தட்டிப் பார்த்து அப்படியே அலமாரியில் வைத்தார். மூன்று வாரம் கழித்து, ஆடி மாதத்துக் கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், போன் வந்தது.

“பிள்ளே, எல்லாம் கரிம்பன் அடிச்சுப் போச்சு கேட்டியா. வெள்ளையில முழுக்கக் கறுப்புப் புள்ளி. வாடையும் உண்டு. வாலன் பூச்சி வேற கரும்பிக் கரும்பித் தின்னு வச்சிருக்கு.”

அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். அத்தத்தன்று கட்டிலில் ஆறு போர்வையும் விரித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடையில் வாங்கிக்கொள்வேன், விரோதமாக எடுத்துக்கொள்ளாதே என்றார். அத்தத்துக்கு இருபத்து நாலு நாள் இருந்தது.

விதுராவுக்குப் போய் நாலையும் வாங்கி வந்தேன். பஸ்ஸிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புள்ளி கனமாக இருந்த இடமெல்லாம் கஞ்சி தடித்திருந்த இடம். கஞ்சி என்றால் சோறு. ஈரத்தில் மூன்று வாரம் மூடி வைத்த சோற்றில் என்ன வருமோ அதுதான் வந்திருந்தது. தப்பு என்னுடையது. கேட்டு வாங்கியது நான். படித்தவள் என்ற திமிரில் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பிளாஸ்டிக் உறையைக் குறை சொன்னேன், மழையைக் குறை சொன்னேன்.

மூன்றாம் நாள் அப்பாவிடம், இனி என் துணிக்குக் கஞ்சி வேண்டாம் என்றேன். அவர் தேய்ப்புப் பெட்டியில் சிரட்டைக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏளா, கஞ்சி போடாத துணி துணியா? முப்பது வருசமாப் போடுதேன். ஒரு வீட்டுக்காரரும் கரிம்பன்னு திருப்பித் தந்ததில்ல.”

“அவங்க மறுநாளே உடுத்து அழுக்காக்கிருவாங்கப்பா. நம்ம போர்வை மூணு வாரம் மூடிக் கெடந்திருக்கு.”

“அது விதுரா மழைத் தண்ணி. மலையில என்ன வச்சாலும் பூத்துரும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருடைய முப்பது வருடத்தை என் ஒரு வாக்கியத்தால் தள்ளிவிட முடியாது என்பதும் தெரிந்தது. ஒரே வேட்டியிலிருந்து இரண்டு துண்டு கிழித்தேன். ஒன்றுக்கு அவரே கஞ்சி போட்டார். இன்னொன்றை வெந்நீரில் மூன்று தடவை அலசினேன். இரண்டையும் ஒரே அளவு ஈரத்தோடு தனித்தனி உறையில் கட்டி, அவர் கண்ணில் படும்படி வண்டி ஆணியில் தொங்கவிட்டேன். காத்திருக்க நேரமில்லை. நான் போர்வைகளைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

பிரிப்பது தைப்பதைவிட நீளமான வேலை. பிளேடு முனையால் ஒவ்வொரு நூலோட்டத்தையும் தூக்கி அறுக்க வேண்டும், துணி கிழியக்கூடாது. அடித்துணியும் நடு வேட்டியும் மீளாது, தூரப் போட்டேன். மேல் வளையங்களில் வெள்ளை மட்டும் போயிற்று; மற்றவை கலர்த் துணி, கஞ்சியை அலசி எடுத்ததும் தப்பித்தன. தைத்துக்கொண்டிருந்த மீதி இரண்டு போர்வைக்கும் இதே கதி. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூல் பொறுக்கினாள். அத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பூப் போட்ட துண்டுகள் தனியே குவிந்து கிடப்பதைக் கண்டு, “ஓணத்துக்கு முன்னமே பூவ அள்ளி வெளிய போட்டாச்சோ?” என்றாள். அம்மாவே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. பிறகு நினைத்தால் நல்ல நக்கல்தான்.

ஆறாம் நாள் அப்பா ஆணியிலிருந்து உறைகளை எடுத்து அவராகவே பிரித்தார். கஞ்சித் துண்டில் கடுகு சிந்தியது போல் புள்ளிகள். மற்றதில் ஈர வாடை மட்டும். இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“மடிச்சு வைக்கிற துணிக்கு ஆகாது போல. உடுத்துற துணிக்கு ஆகும்” என்றார்.

அது அவருக்கு எவ்வளவு கனமான சொல் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் அவரிடமிருந்து எதுவும் வாங்க நினைக்கவில்லை.

வெயில் இல்லை. அலசிய வேட்டிகள் கொடியில் இரண்டு நாள் கிடந்தும் கையில் சில்லென்று ஒட்டின. அப்பா காலையில் வீட்டுக்காரர்களின் துணியை முடித்து, மதியம் முழுக்க என் துணியைச் சூடு காட்டித் தேய்த்துக் காயவைத்தார். கஞ்சி இல்லாத வேட்டி தொய்ந்து மடியும்போதெல்லாம் அவர் முகம் சுளித்தது. அதைப் பார்க்காதது போல் வாங்கிக்கொண்டேன். விறைப்பு இல்லாமல் வளையங்கள் இழுத்தன. அதனால் ஒவ்வொன்றையும் நூலால் தற்காலிகமாகக் கட்டிக்கொண்டு தைத்தேன். பூக்களம் பழைய தட்டு வடிவத்தில் வரவில்லை, கொஞ்சம் நெளிந்தது. தரையில் கையால் இடும் பூக்களமும் அப்படித்தான் நெளியும். இது நல்லது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

அத்தத்தன்று காலை ஆறு போர்வையோடு விதுராவில் இறங்கினேன். மழை விட்டிருந்தது. இந்தத் தடவை பிளாஸ்டிக் இல்லை, துணிமூட்டை. சேச்சி ஒவ்வொன்றாகக் கட்டிலில் விரித்தார். மூக்கில் வைத்து மோந்தார். கன்னத்தில் வைத்தார்.

“இப்பத்தான் போர்வை மாதிரி இருக்கு. முன்ன பப்படம் மாதிரில்லா இருந்தது” என்றார்.

அப்புறம் போனை எடுத்து, ஒவ்வொரு அறையிலும் வைக்க அச்சடிக்கப் போகும் அட்டையைக் காட்டினார். நாலு தலைமுறையாக ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் காத்து வரும் கைத்தொழில் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். கிறிஸ்துமஸ் ஆர்டர் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

“இது பொய் சேச்சி. எங்க வீட்டுல எனக்கு முன்னால யாரும் இதத் தச்சதில்ல. எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடவே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

“அது எனக்கும் தெரியும். கெஸ்ட்டுக்கு இப்படிச் சொன்னா ஒரு ரசம், அவ்வளவுதானே பிள்ளே.”

“நான்தான் முதல் ஆள்னு போடுங்க. அதுலயும் ரசம் உண்டு.”

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஆர்டர் போயிற்று என்று நினைத்தேன். போனாலும் போகட்டும் என்றும் நினைத்தேன். மலையாளப் பள்ளியில் பேருக்கு எதிரே ‘அப்பா படிப்பு: இல்லை, அம்மா படிப்பு: இல்லை’ என்று ஒவ்வொரு வருடமும் எழுதிக் கொடுத்தவள் நான். அந்த இரண்டு ‘இல்லை’க்குப் பிறகு வந்ததை, இல்லாத நாலு தலைமுறையின் தலையில் கட்டி அனுப்ப எனக்கு மனமில்லை. அவர்கள் துணி வெளுத்தார்கள். அதற்கு மரியாதை உண்டு. இது அவர்கள் செய்ததல்ல.

சேச்சி கட்டைவிரலால் வரியை அழித்தார். என்னிடமே போனைக் கொடுத்து, நீயே எழுது என்றார். எழுதினேன். அதைப் படித்துவிட்டு, “நட்சத்திரம் எட்டு மூலையா அஞ்சு மூலையா?” என்று கேட்டார். எட்டு என்றேன்.

திரும்பி வரும் வழியில் நான் கரமனையில் இறங்கவில்லை. கிழக்கேகோட்டையில் இறங்கிச் சாலைக் கடைவீதிக்கு நடந்தேன். ஓணக் கூட்டத்தில் ஜவுளிக்கடைக்குள் நுழையவே கால்மணி நேரம் ஆனது. அத்தை மூலம் சொல்லி அனுப்பாமல், முதலாளியிடம் நானே சொன்னேன்: வேலைக்கு வரவில்லை, இத்தனை நாள் காத்ததற்கு நன்றி. அவர் கேஷ் கவுண்டரைக் காட்டி, ஏசி உண்டே, உட்கார்ந்த வேலை, என்ன குறை என்று கேட்டார். குறை ஒன்றுமில்லை, எனக்கு வேலை இருக்கிறது என்றேன். பிறகு, வாங்க வந்தவளாக, நட்சத்திரத்துக்குப் பருத்திச் சிவப்பு காட்டச் சொன்னேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்று சிவப்பு இறக்கினார்கள். எதில் கஞ்சி குறைவு என்று நகத்தால் சுரண்டிப் பார்த்து நடுவிலிருந்ததை எடுத்தேன்.

மிச்சக் கஞ்சியும் சாயமும் போக, அந்தத் துணி இப்போது வாசலில் வாளியில் ஊறுகிறது. முதல் தண்ணீர் இரத்தம் போல் இறங்கியது, இரண்டாவது இளஞ்சிவப்பு. இன்று காலை மூன்றாவதையும் கொட்டிவிட்டு, உப்புப் போட்டு நாலாவது தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.