தரையில் குருவி தேடியவர்

ராமுத்தாய்க்குச் சந்தேகம் என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். வண்டன்மேட்டில் வெங்காயம் வாங்கப் போனால் தராசுத் தட்டின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையை விரிப்பாள். ஒருமுறை ஊசி போட வந்த நர்ஸிடம், இது புது மருந்துதானா என்று கேட்டு, அந்தப் பெண் டப்பாவைக் கொண்டுவந்து தேதியைக் காட்டிய பிறகுதான் கையை நீட்டினாள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று யாராவது வந்து சொன்னால், தள்ளிவிட்டது யார் என்று கேட்கிற ரகம். தோட்டத்து லயவீடுகளில் இருக்கும் பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் அவளை சிஐடி என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஏலக்காட்டுக் கங்காணிக்கு அந்தக் குணம் இல்லாமல் முடியுமா, சொல்லுங்கள். புருஷன் சோலை, நிழல்மரத்தில் கிளை கழிக்கும்போது விழுந்து போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் காட்டின் பெரிய முதலாளி அவளுக்கு லயத்தில் ஒரு வீடும், காய் பறிக்கும் பெண்களை மேய்க்கிற வேலையும் கொடுத்தார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை குட்டி கிடையாது. போடியில் தாயில்லாமல் நின்ற தம்பி லோகேஷை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த வயதில் இடுப்பில் தூக்கிவந்து வளர்த்தாள். இப்போது அவன் மீசை வைத்த ஆம்பளை. ஊரில் ஒருத்தருடைய ஜீப்பைக் கூலிக்கு ஓட்டுகிறான். விடியும் முன்னே ஜீப் கழுவப் போகிறேன் என்று கிளம்பிவிடுவான். அவன் விஷயத்தில் மட்டும் சிஐடிக்கு நிரந்தர லீவு. அவன் எதைச் சொன்னாலும் அவளுக்கு வேதவாக்கு.

அந்தக் கார்த்திகையில்தான் காட்டில் திருட்டு ஆரம்பித்தது. காய் பறிக்கிறவர்கள் செடியின் அடியில் குந்தி உட்கார்ந்து, தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் சரத்தில் விளைந்த காயை மட்டும் கிள்ளி எடுப்பார்கள். பூவையும் பிஞ்சையும் அடுத்த எடுப்புக்கு விட்டுவிடுவார்கள். திருடனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? சரத்தை அடியோடு அறுத்துச் சாக்கில் திணித்துக்கொண்டு போய்விடுகிறான். இன்றைய காயும் போச்சு, நாளைய காயும் போச்சு. மொட்டையாக நின்ற செடிகளைப் பார்த்து ராமுத்தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பத்து நாளில் மறுபடியும் நடந்தது.

இப்போது காட்டைப் பார்ப்பவன் பெரிய முதலாளியின் மகன் ஜோபி. நல்ல பையன்தான், ஆனால் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் எல்லாரையும் சந்தேகப்படுவான். மொட்டைச் செடிகளைச் சுற்றி வந்தவன் அவள் முகத்துக்கு நேரே சொன்னான்.

"உள்ள இருக்கிறவங்க அறியாம இது நடக்காது, ராமுத்தாயீ. ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போ ஆளைக் காட்டித் தரணும். இல்லெங்கில் வீட்டை ஒழிஞ்சு தரணும்."

ஊரையே சந்தேகப்பட்டுப் பழகியவளை இன்னொருவன் சந்தேகப்படுகிறான். அது எப்படி எரியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வேலையை விடு, வீடு போனால் எங்கே போவாள்? போடியில் அவளுக்கென்று ஒரு சுவர்கூடக் கிடையாது. ஆளைப் பிடித்தே தீருவது என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

ஆளும் கண்ணெதிரே வந்து நின்றார். பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜுனைத். கடையைத் தம்பிமார் கையில் விட்டுவிட்டு, குருவி பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லி, டீக்கடை மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். இருட்டு பிரியும் முன்னே எழுந்து, பாசி நிறச் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, கைக்குழந்தையை அணைப்பதுபோல நீளக் கேமராவை அணைத்துக்கொண்டு ஏலக்காட்டுப் பாதையில் இறங்கிவிடுவார்.

குருவி பார்க்க வருகிறவர்களை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். கழுத்து சுளுக்குகிற அளவுக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவார்கள். இந்த மனிதர் என்னடா என்றால் தரையைப் பார்த்துக்கொண்டு போகிறார். ஒரு சாக்கை விரித்துக் குப்புறப் படுக்கிறார். ஏலச்செடியின் அடியில், சரியாகச் சரம் கிடக்கிற இடத்துக்குக் கேமராவை நீட்டுகிறார். குருவி எங்காவது தரையில் காய்க்குமா? போதாக்குறைக்கு வாயைக் குவித்து இரட்டை விசில் ஒன்று அடிக்கிறார். சற்று நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து அதே மாதிரி விசில் திரும்பி வருகிறது. மறைந்து நின்று கேட்ட ராமுத்தாய்க்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கூட்டாளி உள்ளே இருக்கிறான். இவர் ஆள் நடமாட்டம் பார்த்துச் சைகை கொடுக்கிறார். அவ்வளவுதானே கணக்கு.

நேராகப் போய்ச் சட்டையைப் பிடிக்க அவள் ஒன்றும் விவரமில்லாதவள் அல்ல. காட்டில் பன்றி இருக்கிறது, அட்டை இருக்கிறது, வழி தெரியாமல் போகாதீர்கள், நான் துணைக்கு வருகிறேன் என்று தானே போய் ஒட்டிக்கொண்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம். அக்கா அக்கா என்று உருகினார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் முதலில் குடித்து, கொஞ்ச நேரம் ஆகியும் ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் அவள் குடித்தாள். அதற்குள் டீ ஆறிப் பச்சைத் தண்ணியாகிவிட்டது.

தரையில் என்ன தேடுகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். ஆறுமணிக்குருவி என்றார். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விசில் அடிக்குமாம். இமயமலை அடிவாரத்திலிருந்து பனிக்காலத்துக்கு இங்கே வருமாம். மரத்தில் அதற்கு அவ்வளவு வேலையில்லை, செடிக்கடியில் சருகைப் புரட்டிப் புழு பொறுக்குமாம். நான் விசில் அடித்தால் அது பதில் சொல்லும் என்றார். ராமுத்தாய் தலையை ஆட்டிக்கொண்டாள். நல்லாக் கதை கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் அந்த விசிலை அவளும் கேட்டிருக்கிறாள்தான், ஆனால் காட்டில் ஆயிரம் சத்தம், எதற்கு எது சொந்தம் என்று யார் கண்டார்கள்?

"இம்புட்டுப் பாடுபட்டுப் படம் புடிச்சு என்ன பாய் கிடைக்குது?" என்றாள்.

"ஒண்ணும் கிடைக்காதுங்க அக்கா. பார்த்தா ஒரு சந்தோசம், அவ்வளவுதானுங்க."

அந்தப் பதிலில்தான் அவர் வசமாக மாட்டிக்கொண்டார். ஒன்றும் கிடைக்காத காரியத்துக்கு ஒரு கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து அட்டைக்கு ரத்தம் கொடுப்பாரா? காது குத்துகிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் மஞ்சு இறங்கிக் காடே கண்ணுக்குத் தெரியவில்லை. ஜுனைத் பள்ளச் சரிவின் ஓரத்தில் சாக்கை விரித்துப் படுத்தார். ராமுத்தாய் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விசில் அடித்தார். மஞ்சுக்குள்ளிருந்து பதில் விசில் வந்தது. கேமரா பட் பட் என்று அடித்தது. சரிவுக்குக் கீழே சருகு நொறுங்குகிற சத்தமும் கேட்டது. பன்றியாக இருக்கும், இல்லை, கூட்டாளியாகவே இருக்கும். எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போனால் இந்த மனிதர் கண்ணில் மண்ணைத் தூவிவிடுவார் என்று உட்கார்ந்துவிட்டாள். கேமராக் கண் செடிகளுக்கடியில் எங்கே திரும்புகிறது என்று ஒன்றுவிடாமல் பார்த்து வைத்துக்கொண்டாள்.

வேலைக்கு இறங்கிய பெண்கள் பள்ளச் சரிவிலிருந்து கூப்பாடு போட்டார்கள். அங்கே பாதிச் செடிகள் மொட்டை. ராமுத்தாய் அழவில்லை. ஜோபிக்குப் போன் போட்டு, ஆள் கிடைத்துவிட்டான், வாங்க முதலாளி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் லயமே கூடிவிட்டது. ஊருக்குக் கிளம்பிய ஜுனைத்தை டீக்கடை வாசலிலேயே மறித்துக் கூட்டிவந்திருந்தார்கள். லோகேஷ் வேலைக்குப் போகாமல் அக்காவுக்குத் துணையாக நின்றான். பையைத் திறந்து காட்டச் சொல், கேமராவைப் பிடுங்கி வை, போலீஸ் வந்தால்தான் இவன் வாயைத் திறப்பான் என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது அவன்தான். தம்பி பக்கத்தில் நிற்கிற தெம்பில் ராமுத்தாயும் நடந்ததையெல்லாம் விலாவாரியாக எடுத்துச் சொன்னாள். ஜுனைத்தின் முகம் வெளுத்துப்போயிற்று.

"நீங்க கூடவேதானுங்க இருந்தீங்க அக்கா" என்றார்.

"இருந்தேன், அதான் சொல்றேன்" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. படத்தைப் பாருங்கள், அப்புறம் எதுவானாலும் சொல்லுங்கள் என்று கேமராவை அவள் பக்கம் திருப்பினார். இதில் என்ன தில்லுமுல்லோ என்று நினைத்துக்கொண்டே அவள் குனிந்து பார்த்தாள்.

குருவி இருந்தது. சத்தியமாக இருந்தது. கட்டை வாலும் பச்சை முதுகும், கண்ணுக்கு மை இழுத்தாற்போலக் கறுப்புக் கோடும், சிறகோரத்தில் நீலமும், வயிற்றுக்கடியில் சிவப்புமாக, அவள் தினமும் மிதித்து நடக்கிற சருகின்மேல் நின்று அவளையே பார்த்தது. இத்தனை வருஷம் இந்தக் காட்டில் கிடந்தும் இதை நான் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வாய் திறந்துகொண்டது. எதற்காகக் குனிந்தோம் என்பதையே ஒரு கணம் மறந்துவிட்டாள்.

ஜுனைத் அடுத்தடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். சனிக்கிழமை எடுத்ததில் ஒன்று வந்ததும், நல்ல படமுங்க, காய் பறிக்கிற யாரோ பின்னாடி வந்து நின்று கெடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். குருவிக்குப் பின்னால், மஞ்சில் கொஞ்சம் மங்கலாக, முழங்கால்வரை இரண்டு ரப்பர் பூட்ஸ் தெரிந்தன. பக்கத்தில் ஒரு சாக்கு. சாக்கின் வாயிலிருந்து சரங்கள் கொத்தாக வெளியே தொங்கின.

காய் பறிக்கிறவர்கள் சரத்தை அறுக்கமாட்டார்கள் என்று பாத்திரக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? ராமுத்தாய்க்குத் தெரியும். இடது பூட்ஸின் கணுக்காலில் ஒட்டியிருந்த சிவப்பு ட்யூப் துண்டையும் அவளுக்குத் தெரியும். ஓட்டை வழியாக அட்டை ஏறுகிறது அக்கா என்று சொன்னானே என்று, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, பசை காய்கிற வரைக்கும் கையால் அழுத்திப் பிடித்து ஒட்டிக் கொடுத்தது அவள்தான். பக்கத்தில் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பார்த்தாள். அதே பூட்ஸ்தான், அவள் காலை உரசிக்கொண்டு நின்றது.

ஜுனைத் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேணாம்னா அழிச்சிடறேனுங்க அக்கா."

அவர் கட்டைவிரல் ஒரு பொத்தான்மேல் போய் நின்றது. தன்னைக் காப்பாற்ற அவரிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். அதை அழிக்கிறேன் என்கிறார். அதுவும் யாருக்காக? அவருடைய டீயைக்கூட நம்பாத ராமுத்தாய்க்காக. மேட்டில் ஜோபியின் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டது. ஒரு தலையசைப்பு போதும், தம்பி தப்பித்துவிடுவான், வீடும் மிஞ்சும், போகிறவர் வெளியூர்க்காரர். அவள் அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தாள், நன்றாகவே நினைத்தாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கையைப் பொத்தானிலிருந்து விலக்கினாள்.

ஜோபி இறங்கி வந்து, இந்த ஆளா என்று கேட்டான்.

"இவரு இல்ல மொதலாளி. நான்தான் தப்பாச் சொல்லிப்புட்டேன். இந்தப் படத்தப் பாருங்க. இது எந்தம்பி காலு."

இந்த மாதிரி பூட்ஸ் ஊரெல்லாம் கிடக்கிறது என்று லோகேஷ் ஆரம்பித்தான். ட்யூப் துண்டை ஜோபி விரலால் காட்டியதும், சொந்தமாக ஒரு ஜீப் எடுக்க ஆசைப்பட்டுவிட்டேன் என்று முனகினான். போலீஸைக் கூப்பிட ஜோபி போனை எடுத்தான். ராமுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். ஜோபி போனைப் பைக்குள் போட்டான். கேஸ் வேண்டாம், ஆனால் சாயங்கால பஸ்ஸில் இவன் மலை இறங்கிவிட வேண்டும், இனி இந்தக் காட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது என்றான். நீ வீட்டில் இருந்துகொள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஜுனைத்திடம் போய் மன்னிப்புக் கேட்டான். ராமுத்தாய்க்கு அந்தத் தைரியம் வரவில்லை. அவர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. லோகேஷ் மட்டும் நின்றான். சின்ன வயதில் அடிவாங்கிய பிறகு நிற்பானே, அதே மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றான்.

"யக்கா, ஊரையெல்லாம் விட்டுட்டு என்மேலயா உனக்குச் சந்தேகம்?"

"சந்தேகம் இல்லடா" என்றாள் ராமுத்தாய். "வெறும் சந்தேகமா இருந்தா, இன்னைக்கு ராத்திரியும் உனக்குச் சேத்துத்தான் உலை வச்சிருப்பேன்."