மொய்யாக வந்த கிளிக்குகள்

அந்தப் பக்கம் திறக்க அரை நிமிஷம் ஆகும். முதலில் மேலே ஒரு நீலப் பட்டை வரும், அப்புறம் கட்டங்கள் வரும், கடைசியில்தான் எண் வரும். அந்த அரை நிமிஷமும் நானும் பாயும் மூச்சுவிட மாட்டோம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவரைத்தான் பாய் என்கிறேன். என்னைவிட மூன்று வயது பெரியவர், அவ்வளவுதான். நான் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வேலை விட்டதும் நேரே அங்கேதான் போவேன்.

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு வெப்சைட் இருந்தது. சுற்றுவட்டாரக் கோயில்கள், காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் போகிற பஸ்களின் நேரம், ஏரி நிறைந்திருக்கிறதா இல்லையா என்பது வரைக்கும் அரைகுறை இங்கிலீஷில் எழுதிப் போட்டிருந்தோம். ஓரத்தில் விளம்பரங்கள் வரும். யாராவது அதை அழுத்தினால் நமக்குக் காசு. அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டுவதுதான் அந்தப் பக்கம். ஒரு குறிப்பிட்ட தொகை சேர்ந்தால்தான் செக் அனுப்புவார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் ஒன்றிரண்டு பேர் வருவார்கள், ஏரிப் படத்தைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். எண் நகரவே நகராது.

எனக்கு அது வெறும் ஆசை. பாய்க்கு அப்படி இல்லை. சவுதியில் இருந்த அவர் அண்ணன் விசா அனுப்பிவிட்டார். மூன்று மாதத்துக்குள் கிளம்ப வேண்டும். பாய்க்குப் போக மனசே இல்லை. பெண் குழந்தைக்கு அப்போதுதான் ஒரு வயது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு செக் வரட்டும்பா. அதக் காட்டி, இங்கயே பொழைக்க வழி கீதுன்னு அண்ணங்கிட்ட சொல்லிடுவேன்" என்பார். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணனிடமிருந்து போன் வரும். பேசிவிட்டு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறப்பார்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா மகளுக்குக் காது குத்து வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மொய் எழுத என்னை உட்கார வைத்தார்கள். என் மூளை அங்கேதான் வேலை செய்தது, அதுவும் கோணலாக. மொய் வைக்க வந்த ஒவ்வொருவரிடமும், எனக்கென்று தனியாக ஒரு மொய் வையுங்கள், பணமே வேண்டாம், பாய் கடைக்கு வந்து எங்கள் வெப்சைட்டில் ஒரு விளம்பரத்தை அழுத்திவிட்டுப் போனால் போதும் என்றேன். காசில்லாத மொய் என்றதும் எல்லோருக்கும் ஒரே உற்சாகம். இதையும் நோட்டில் எழுதிக்கொள்வாயா, எங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்வாயா என்று பெரியப்பா ஒருவர் கறாராகக் கேட்டார். எழுதிக்கொண்டேன், மடையன். பாயிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. செக் வந்தபிறகு சொல்லி அசத்தலாம் என்று இருந்தேன்.

வந்தார்கள். நெல் மூட்டையை இறக்கிவிட்டு வந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வந்தார்கள், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு பயபக்தியோடு வந்தார்கள். என் அத்தை மவுஸைத் தூக்கித் திரை மேலேயே வைத்து அழுத்திப் பார்த்தாராம். அப்புறம் பழகிக்கொண்டு, ஓரத்தில் இருந்த அத்தனையையும் அழுத்தியிருக்கிறார். அமெரிக்காவில் வீடு வாங்கக் கடன், உடம்பு இளைக்க மருந்து, எதையும் விடவில்லை. நம்ம வூட்டுப் புள்ளைக்குச் செய்யறதுல இன்னா கஞ்சத்தனம் என்றாராம். உங்க ஆளுங்க எல்லாம் எதுக்குப்பா வராங்க என்று பாய் சாயங்காலம் கேட்டார். நெட் கத்துக்க ஆசையாம் என்று புளுகினேன்.

எண் எகிறியது. நாலே நாளில் செக்குக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. பாய் தன் மனைவியை வரவழைத்துத் திரையைக் காட்டினார். அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தபடி நின்றார். எனக்கோ சந்தோஷத்துக்குப் பதில் பயம்தான் வந்தது. இவ்வளவு சுலபமா என்று உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் அந்தப் பக்கம் திறக்கவில்லை, மெயில்தான் வந்திருந்தது. ஒரே இடத்திலிருந்து வந்த பொய்யான கிளிக்குகள், கணக்கு மூடப்படுகிறது, சேர்ந்த பணம் விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும் என்று எழுதியிருந்தார்கள். கணக்குத் தொடங்கும்போது விதிகளுக்குக் கீழே நாங்கள் டிக் போட்டதுதான். அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. படித்திருந்தால்தானே! பாய் மெயிலை இரண்டு தடவை வாசித்தார். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த மாதமே சவுதிக்குக் கிளம்பிவிட்டார்.

இன்றைக்கு நான் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளுக்கு நெட்டில் விளம்பரம் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். சொந்தக்காரங்க எல்லாரையும் அழுத்தச் சொல்லட்டுமா சார் என்று கடைக்காரர்கள் ஆசையாகக் கேட்பார்கள். சொந்தக்காரன் தொடவே கூடாது என்பேன். சேலை வாங்காத ஆட்களைக் கூட்டிவந்து உட்கார வைத்தால் கடை நிறைந்திருக்கும், வியாபாரம் ஆகுமா என்று கேட்பேன். தலைக்கனம் பிடித்தவன் என்று பேர் வந்துவிட்டது, வரட்டும். புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை நான் இன்னொருவர் குடும்பத்தில் கைவைத்துத் தெரிந்துகொண்டேன். இப்போதும் எந்தக் கணக்கைத் திறந்தாலும், எண் வருகிற வரைக்கும் திரையை விட்டு என் கண் நகராது.

இரண்டு வருஷம் கழித்து பாய் லீவில் வந்தார். அந்த இரண்டு வருஷமும் மனசு கேட்காமல் வாராவாரம் அவர் வீட்டுக்குப் போய், என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாப்பா என்னோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள். அன்றைக்கு பாய் வேனிலிருந்து இறங்கிக் கையை நீட்டியதும், அவள் மிரண்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே, பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, அந்த ஜனங்களை எல்லாம் அனுப்பியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்பா" என்றார். "உங்க அத்தை அழுத்த வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க. நமக்குன்னு இவ்ளோ பேர் வராங்களேன்னு நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன்."

அப்புறம் மறுபடியும் கையை நீட்டினார்.

"பாப்பாவக் குடு."

என் கழுத்தைச் சுற்றியிருந்த கைகளைப் பிரித்து, அவளை அவரிடம் கொடுத்தேன். யாரோ தூக்கிக்கொண்டு போவதைப்போல, அவள் என்னைப் பார்த்துக் கதறி அழுதாள்.