பானையில் ஆள் இல்லை

நம்பினால் நம்புங்கள். என் வீட்டுக்காரரே இன்றுவரை நம்பவில்லை. "எலும்பு கழுவிக் கழுவி உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்கிறார். ஆனால் இது நடந்தது. எங்கள் ஊரில், பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

எங்கள் ஊர்க் கோயிலில் இருப்பவர் டாய்ஹோங் சாமி. பல நூறு வருடங்களுக்கு முன் உயிரோடு நடமாடிய புத்த பிட்சு. கேட்பாரற்றுக் கிடந்த பிணங்களைத் தன் கையாலேயே அடக்கம் செய்தவர். அந்த வேலை இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை, கடற்கரை மயானத்தில் யாரும் தேடி வராத குழிகளைத் தோண்டுவோம். எலும்புகளைத் தேயிலைத் தண்ணீரில் கழுவுவோம். ஆளுக்கொரு பானை. கடைசியில் சாமியிடம் உத்தரவு கேட்டு மொத்தமாக எரிப்போம்.

பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். அவற்றைத் தரையில் போட்டுத்தான் உத்தரவு கேட்பது. ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் ஆள் முழுசாக இருக்கிறார் என்று அர்த்தம். வேறு மாதிரி விழுந்தால் ஏதோ குறைகிறது; இரண்டுமே குப்புற விழுந்தால் பானையில் ஆளே இல்லை.

கழுவுகிறவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. எலும்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யாராக இருந்தாலும் 'நல்ல அண்ணா', 'நல்ல அக்கா'தான். அதன்மேல் கண்ணீரும் விழக் கூடாது. விழுந்தால் அவர்கள் போக மாட்டார்கள்.

லாய்ஹுவா அக்கா என் பக்கத்து வீடு. புருஷன் இல்லை. ஒரே மகன் பெங்சூன். புயலில் படகோடு போனவன் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் கழுவ வந்துவிடுவாள். ஆண் எலும்பு வந்தால் முதலில் இடது கையைத்தான் எடுப்பாள். சின்ன வயதில் லிச்சி மரத்திலிருந்து விழுந்து அவனுக்குக் கை முறிந்திருந்தது. ஒட்டிய இடத்தில் ஒரு முடிச்சு. அதைத்தான் தேடுவாள். தடவிப் பார்த்துவிட்டு, "இவன் இல்ல" என்பாள். அது நிம்மதியா, ஏமாற்றமா... அவளுக்கே தெரியாது.

அன்று மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நல்ல வெயில். ஒரு வாலிபனின் எலும்புகள் வந்தன. கட்டை போடுகிற ஹோக் அண்ணன் போட்டார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து.

"முழுசா இருக்காரு. கழுவுங்கம்மா."

அக்கா இடது கையை எடுத்தாள். தடவினாள். மறுபடி தடவினாள்.

"இருக்கு."

"என்னக்கா இருக்கு?"

"முடிச்சு. தொட்டுப் பாரு."

தொட்டேன். ஒன்றுமே இல்லை.

"இல்லக்கா. வழவழன்னு இருக்கு."

"பெத்தவ நானா, நீயா?"

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பெங்சூன்..." என்றாள்.

ஒரே ஒரு சொட்டு.

டப்.

எலும்பின் மேல்தான் விழுந்தது.

எங்களுக்குப் பின்னால்... ரொம்பக் கிட்டத்தில்...

"ம்...?"

தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை கேட்பதுபோல.

திரும்பினேன். யாரும் இல்லை. காய்ந்த மணலில் ஈரமாக ஒரு கால் தடம். அதை அடுத்து இன்னொன்று. அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டிருந்தது.

சாயங்காலம் பானையை மூடும்முன் ஹோக் அண்ணன் மறுபடி கட்டை போட்டார். இரண்டும் குப்புற விழுந்தன. திரும்பப் போட்டார். குப்புற. எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு. அப்புறம் ஏன் சாமி ஆள் இல்லங்கறாரு?"

அக்காவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் டீ போட்டாள். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் இருந்தாலும் மூன்று கோப்பைதான் வைப்போம், அது வழக்கம். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். மூன்றாவதை அவள் காலி நாற்காலிப் பக்கம் நகர்த்தினாள்.

"சூடா இருக்கு. ஊதிக் குடிடா."

உர்ர்ர்...

உறிஞ்சும் சத்தம்.

நாற்காலி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கோப்பை காலி.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தேன்.

அதன்பிறகு அக்கா ஆளே மாறிவிட்டாள். விதவிதமாகச் சமைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். எத்தனையோ வருடம் கழித்துச் சிரிக்கிறாள். அதைப் போய் எப்படிக் கெடுப்பது? வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த புத்தாண்டுக்கு முந்தின நாள் என் கதவை யாரோ தட்டினார்கள். ஒல்லியான ஆள். தலை நரைத்திருந்தது.

"சித்தி, என்னத் தெரியலையா?"

சட்டைக் கையை மடித்து இடது கையை நீட்டினான். முடிச்சு. அவனை உள்ளே இழுத்து உட்கார வைத்தேன்.

புயல் அவன் படகை வேறொரு நாட்டுக் கரையில் தள்ளியிருந்தது. பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள். இப்போதுதான் விட்டார்களாம்.

"அம்மாவப் பாத்தியாடா?"

"கதவத் தொறந்தாங்க. கையத் தடவிப் பாத்தாங்க. 'இதுல முடிச்சு இருக்கே, என் பிள்ளை கை வழவழன்னு இருக்கும்'னு சொல்லிட்டு கதவச் சாத்திட்டாங்க."

"தனியாவே இருந்து இருந்து மனசு தடுமாறிப் போச்சுப்பா. நான் பேசறேன்."

"இல்ல சித்தி." அவன் அந்த வீட்டுப் பக்கம் கை காட்டினான். "உள்ளேருந்து ஒருத்தன் 'யாரும்மா அது'ன்னு கேட்டான்... அது என் குரல் சித்தி."

ஹோக் அண்ணன் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தார். அக்கா மட்டும்தான் இருந்தாள். எதிரில் பாதி சாப்பிட்ட கிண்ணம்.

அந்தப் பானை இன்னும் கோயிலில் இருக்கிறது. எரிக்க உத்தரவு வரவில்லை. டாய்ஹோங் சாமியிடம் அழுதும் பார்த்தேன், சண்டையும் போட்டுப் பார்த்தேன். கட்டை குப்புறத்தான் விழுகிறது.

பெங்சூன் எங்கள் மாடியில் தங்கிக்கொண்டு கடலுக்குப் போகிறான். தினமும் விடிந்ததும் அம்மா வாசலில் நல்ல மீனாக ஒன்று வைத்துவிட்டு வருவான். நேற்று நானும் கூடப் போனேன். கொஞ்சம் தள்ளி நின்றோம். கதவு லேசாகத் திறந்தது. ஒரு கை மீனை எடுத்துக்கொண்டது. கதவு மூடியது.

உள்ளே அக்காவின் குரல் கேட்டது.

"பெங்சூன், இங்க பாருடா. எந்தத் தாய் பெத்த பிள்ளையோ, தினமும் மீன் வெச்சிட்டுப் போவுது. அவங்கம்மா குடுத்து வெச்சவ."

"ஆமாம்மா."

பெங்சூன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் வாயைத் திறக்கவே இல்லை.