ரங்கூன் கடிதம்

அந்தக் கதை வகுப்பில் சேர்ந்த பிறகுதான் நீ எழுத்தாளன் ஆனாய் என்று சிலர் இன்றைக்கும் என்னிடம் சொல்கிறார்கள். உண்மைதான். அதற்காக யாருக்கும் நன்றி சொல்கிற மனம் எனக்கு இல்லை.

அப்போது ராயபுரத்தில் ஒரு துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். தண்டையார்பேட்டை வாசகசாலை ஒன்றின் மாடியில், ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியர் சாயங்காலங்களில் கதை எழுதக் கற்றுக்கொடுத்தார். ஆறு மாதம் போனேன். அதுவரை என் கதைகளில் ராஜகுமாரிகள்தான் மூர்ச்சை போட்டு விழுந்துகொண்டிருந்தார்கள். அவர் என் நோட்டைப் புரட்டிவிட்டு, உன் வீட்டில் மனிதர்களே கிடையாதா என்று கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டில் என் அக்கா இருந்தாள். அவள் புருஷன் ரங்கூனுக்கு அரிசி மில் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அவன் போட்ட ஒரே கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது, இனி வரமாட்டேன் என்று எழுதியிருந்தான். அக்கா அழுது ஓய்ந்து, யாரிடமும் சொல்லாதே என்றாள். மறுநாளே எங்கள் மீனவக் குப்பத்துப் பெண்களிடம், பொங்கலுக்கு வருகிறாராம் என்று சொன்னாள். அதற்கப்புறம் ரங்கூன் கப்பல் வருகிற நாளெல்லாம் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்த் திரும்புவாள்.

அதைத்தான் எழுதினேன். ஜோடனை இல்லை, பெயரும் போடவில்லை. ஆசிரியர் அதை வகுப்பில் எல்லோருக்கும் உரக்க வாசித்தார். அவரே பத்திரிகையிலும் போட்டார். எங்கள் குப்பத்தில் யார் படிக்கப் போகிறார்கள் என்று தைரியமாக இருந்தேன். மடையன் நான். எங்கள் பக்கத்தில் ஒருவர் படித்தால் நாற்பது பேர் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வலை பழுதுபார்க்கிற இடத்தில், கிடைத்த பத்திரிகையைக் கடைசி விளம்பரம் வரை ஒருவர் உரக்கப் படிப்பது வழக்கம். நானே சிறுவயதில் அங்கே உட்கார்ந்து கேட்டவன். என் கதையைப் படித்த அன்றைக்குப் பூவும் கப்பலும் வந்ததுமே எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

வீட்டுக்கு வந்தவள் என்னைத் திட்டவில்லை. அந்தப் பத்திரிகையை என் முன்னால் வைத்து, நீயே ஒரு தபா படி என்றாள். படித்தேன். கடைசி வரி வரை அசையாமல் கேட்டாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதிகீறே. உன்னாண்ட மட்டும்தானேடா சொன்னேன்" என்றாள்.

பெயர் போடவில்லையே என்று உளறினேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதன்பிறகு அவள் பூ வைத்துக்கொள்ளவுமில்லை, துறைமுகத்துப் பக்கம் போகவுமில்லை.

எனக்குக் கை தேறிவிட்டது என்று ஆசிரியர் பாராட்டினார். அவர் சொன்னது பொய்யில்லை. இத்தனை வருஷத்தில் அதைவிட நல்ல கதை ஒன்றும் நான் எழுதவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

மறு வருஷம் ரங்கூனிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. நான் வீட்டில்தான் இருந்தேன். அக்கா அதை மடியில் செருகிக்கொண்டு தபாலாபீஸ் வாசலுக்குப் போய், மனு எழுதிக்கொடுக்கும் ஆளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாள். என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சாகிற வரைக்கும் சொல்லவில்லை.