வக்கீல் வாங்காத பீஸ்

ஊருக்கு வெளியே சந்தாபுராவில் வீடு கட்ட எங்களுக்கு ஒரு சைட் இருப்பதாக என் கணவர் நம்பினார். தொம்மலூர் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித் தவணை முழுவதும் அடைத்தும், மனை பிரித்து லேஅவுட் போட்டவன் பத்திரம் பதிந்து தரவில்லை. இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தான். இவரோ ஞாயிறுதோறும் புளிச்சோறு கட்டச் சொல்லி என்னையும் அங்கே கூட்டிப் போவார். நான்கு கற்களுக்கு நடுவே நின்று, "இங்கதான் சமையல்கட்டு" என்பார். அந்த வெயிலில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பதென்று நானும் சண்டை போட்டிருக்கிறேன்.

கடைசியில் பிரேசர் டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். நுகர்வோர் மன்றத்தில் அப்போது கோர்ட் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம் என்று அவரே நேர்மையாகச் சொன்னார்.

"என் கன்னடம் சண்டை போடும் சார், வாதாடாது" என்றார் இவர்.

பிறகு வக்கீல் தன் கணக்கைச் சொன்னார். வழக்குப் போட ஒரு தொகை, ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நிற்கத் தனியாக, டைப்பிங்கும் ஜெராக்ஸும் நம் தலையில். படியிறங்கும்போது, "இவரு தும்மினாக்கூட பீஸ் கேப்பாரு போல" என்று இவர் என் காதில் சொன்னார். பஸ் ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

கட்டிய பணத்தை வட்டியோடு கேட்டால் சீக்கிரம் முடியும், சைட்தான் வேண்டுமென்றால் இழுக்கும் என்று வக்கீல் பலமுறை சொல்லிப் பார்த்தார். இவர் மசியவில்லை. பணம் செலவாகிவிடும், மண் எங்கே போகும் என்பார். எதிர்த்தரப்பு வராது, வந்தால் அவகாசம் கேட்கும். நாங்கள் மட்டும் தவறாமல் போய் பெஞ்சைத் தேய்த்துவிட்டு வருவோம். அப்படி ஒரு வாய்தாவுக்கு முந்தைய வாரம், ஷிப்டுக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்து நான் மட்டும் வக்கீலிடம் போனேன். வழக்கில் இவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைச் சேர்க்க ஒரு மனு போட வேண்டும் என்றார். சைட்டையே கேட்பதா, பணமாக மாற்றிக் கேட்பதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பணமே கேளுங்க சார். அந்தக் கல்லுங்களுக்கு நடுவுல என்னால தனியா நிக்க முடியாது."

சொன்னதும் இவருக்குத் துரோகம் செய்ததுபோல் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பர்ஸைத் திறந்தேன்.

"இதுக்கு பீஸ் வேணாம்மா" என்றார் வக்கீல்.

ஒரு வாய்தாவுக்குக்கூட விடாமல் வாங்கியவர். கீழே போனதும் இதை இவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. நன்றியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வக்கீல் எனக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.