அஞ்சு நிமிசம் பிந்தின மணி

குருநகர்க் கடற்கரையிலை இருக்கிற அந்தச் சின்ன மாதா கோயிலின்ரை மணி பிந்தத் தொடங்கினது போன ஆடியிலை. முதல் கிழமை ஒரு நிமிசம். அடுத்த கிழமை ரெண்டு. ஆவணி நடுப்பகுதிக்குள்ளை, பின்னேரம் ஆறுக்குச் செபத்துக்கு அடிக்கவேண்டிய திருந்தாதி மணி ஆறு அஞ்சுக்குத்தான் அடிச்சுது. அஞ்சு நிமிசம்தானே எண்டு நீங்கள் சொல்லுவியள். அந்த மணியைக் கேட்டுத்தான் பெண்டுகள் கறிச்சட்டியை இறக்கிவைச்சுச் சிலுவை போடுறது. அதைக் கேட்டுத்தான் ஆம்பிளையள் வலையைத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு இறங்கிறது. அப்ப சனம் சும்மா இருக்குமே? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமே!

"கோதாரி விழுந்த மனுசன், மணிக்கூட்டைக் கடலுக்கை போட்டுட்டுதோ?" எண்டு கோயில் வாசலுக்கு முன்னாலை மீன் வெட்டுற அருமைநாயகி ஒவ்வொரு நாளும் ஏசினா.

"முழங்கால் பிள்ளை, முழங்கால். நடந்து வரப் பிந்திப்போகுது" எண்டார் மணி அடிக்கிற சூசைதாசன்.

பங்குச் சுவாமி கேட்டதுக்கும் அதே மறுமொழிதான். வள்ளத்துக்கும் இறங்குதுறைக்கும் இடையிலை நசிஞ்ச முழங்கால் எண்டது உண்மை. பதின்மூண்டு வயசிலை கடலுக்கு இறங்கின மனுசனைக் கரையிலை இருத்தினதும் அந்த முழங்கால்தான். ஆனால் அதோடைதானே பதினொரு வருசம் ஒரு நிமிசம் பிசகாமல் மணி அடிச்சவர்? பொய் சொன்னார் மனுசன். பெஞ்சாதி லூர்த்தம்மாவுக்குக்கூட உண்மையைச் சொல்லேல்லை.

அவருக்கு ரெண்டு பெடியள். மூத்தவன் ஜெரிசன் பதினெட்டு வயசிலை, ஆமி வன்னிப் பாதையைப் பூட்ட முன்னம், சொல்லாமல் கொள்ளாமல் வன்னிக்குப் போய் இயக்கத்திலை சேர்ந்தவன். ரெண்டாம் வருசம் மன்னார்ப் பக்கச் சண்டையிலை, காயப்பட்ட ஒருத்தனை முதுகிலை சுமந்துகொண்டு வரேக்கை விழுந்தான். சுமக்கப்பட்டவன் தப்பி வந்து இதைச் சொன்னதாலைதான் தாய் தகப்பனுக்கு இதாவது தெரியும். மாவீரர் துயிலும் இல்லத்திலை பேர் எழுதிக் கல்லு வைச்சதாம். சூசைதாசன் அந்தக் கல்லைக் கண்ணாலை காணேல்லை. சண்டை முடிய அதையெல்லாம் ஆமிக்காரர் இயந்திரம் விட்டு இழுத்துத் தரைமட்டமாக்கிப்போட்டாங்கள். பிள்ளையைப் புதைச்ச இடத்திலை ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் வழியில்லாத தகப்பன் எங்கை போய் அழுகிறது?

அதுக்குத்தான் மணி. கார்த்திகை இருபத்தேழு, மாவீரர் நாள், பின்னேரம் ஆறு அஞ்சுக்கு, செத்த போராளியளை நினைச்சு மணி அடிக்கிறது வழக்கம். பிறகுதான் விளக்கு. சில வருசம் விட்டாங்கள், சில வருசம் தடுத்தாங்கள். சூசைதாசன் ஆறுக்குத் திருந்தாதி மணியை அடிச்சிட்டு, ஆறு அஞ்சுக்கு ரெண்டாந்தரம் கயிற்றைப் பிடிப்பார். அந்த ஒரு நிமிசம் வாய்விட்டு அழுவார். மணிச்சத்தத்திலை ஒருத்தருக்கும் கேளாது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டை போனாரெண்டால், அடுத்த கார்த்திகை வரைக்கும் பிள்ளையின்ரை பேர் அவரின்ரை வாயிலை வராது.

முந்தின வருசம், அந்த ரெண்டாவது மணி அடிச்ச அடுத்த நாள் விடிய, கறுப்பு ஹெல்மெட்டோடை ஒருத்தன் மோட்டச்சைக்கிளிலை வந்து இறங்கினான். சீஐடி எண்டான். இளையவன் சுபாஸை ஏத்திக்கொண்டு போனான். மூண்டாம் நாள் திரும்பி வந்த பெடியன் இடதுகையாலை சோறு திண்டான். வலதுகைக்கு என்ன நடந்தது எண்டு தாய் கேக்க, எழும்பிப் போயிட்டான்.

ஹெல்மெட்காரன் திரும்ப வந்து, நல்ல தமிழிலை, மரியாதையாய்ச் சொன்னான். "ஐயா, ரெண்டாவது மணி இனிக் கேக்கப்படாது. கேட்டால் சின்னவரை நீங்கள்தான் பிறகு தேடித் திரியவேண்டி வரும்."

ஒருத்தனுக்கு மணி அடிச்சால் மற்றவன் போவான். சூசைதாசன் எட்டு மாதம் இதைத்தான் யோசிச்சார். பிறகுதான் அந்தக் கள்ளப் புத்தி வந்தது. ரெண்டாவது மணிதானே கூடாது? முதல் மணியையே ஆறு அஞ்சுக்குக் கொண்டுபோனால் என்ன? ஒரே நாளிலை மாத்தினால் பிடிபட்டுப் போவார். அதாலை கிழமைக்கு ஒரு நிமிசமாய்ப் பிந்தினார். ஊர் ஏச ஏச, மனுசன் உள்ளுக்குள்ளை சந்தோசப்பட்டார். ஏசுற வாயெல்லாம் தனக்குச் சாட்சி எண்டு அவருக்குத் தெரியும்.

கார்த்திகை இருபத்தேழு வந்தது. விடிஞ்சதிலையிருந்து மழை. சந்தியிலை ஜீப். லூர்த்தம்மா சுபாஸை வீட்டுக்குள்ளை இருத்தி, கதவடியிலை தான் குந்திக்கொண்டா. சூசைதாசன் ஆறுக்குப் பத்து நிமிசம் இருக்கக் கோயிலுக்குப் போனால், மணிக்கூண்டுக்குக் கீழை ஹெல்மெட்காரன் நிக்கிறான்.

ஆறு மணி. தூரத்திலை வேறை கோயில் மணியள் கேட்டுது.

"அடிக்கேல்லையோ ஐயா?"

"முழங்கால் தம்பி. கொஞ்சம் பொறுங்கோ."

குந்தியிருந்து முழங்காலைத் தேய்ச்சார். ஆறு அஞ்சுக்கு எழும்பிக் கயிற்றைப் பிடிச்சார். மும்மூண்டாய் மூண்டுதரம், பிறகு விடாமல் நீட்டி. கடற்கரையிலை கிழிஞ்ச வலை பொத்தினவங்கள் எழும்பித் தலையைக் குனிஞ்சாங்கள். திருந்தாதிக்குக் குனிஞ்சாங்களோ, வேறை எதுக்கோ, ஆர் கேக்கிறது!

"என்ன மணி இது?" ஹெல்மெட்காரன் கைமணிக்கூட்டைப் பாத்தான்.

"திருந்தாதி மணி. ஒவ்வொரு நாளும் இந்த நேரம்தான்."

அவன் அருமைநாயகியைக் கூப்பிட்டுக் கேட்டான். அவவுக்கு ஒண்டும் தெரியாது, பாவம். "ஐயோ அதை ஏன் கேக்கிறியள் தம்பி! ஆவணியிலையிருந்து இந்த மனுசன் உப்பிடித்தான். ஏசி ஏசி என்ரை வாய்தான் நொந்தது!"

அவன் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டான். அண்டைக்கு வீட்டிலை அவர் உண்மையைச் சொல்ல, லூர்த்தம்மா புருசன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, "எட கள்ள மனுசா" எண்டு சிரிச்சுக்கொண்டே அழுதா. சுபாஸ் எழும்பி வந்து, தகப்பனுக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிட்டான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அந்த வீட்டிலை ஜெரிசன்ரை கதை வந்தது.

அடுத்த நாள் சூசைதாசன், இனி ஊர்ச்சனத்தை அலைக்கழிக்கக்கூடாது எண்டு, ஆறுக்கே அடிக்கிற எண்ணத்திலை போனார். ஹெல்மெட்காரன் அங்கை நிண்டான்.

"ஐயா, உங்கடை நேரம் ஆறு அஞ்சுதானே" எண்டான் சிரிச்சுக்கொண்டு. "ஆறுக்கு அடிச்சியளெண்டால், நேற்று அடிச்சது ஆருக்கெண்டு எனக்கு விளங்கிப்போம். முழங்கால் சுகமாகாமல் பாத்துக்கொள்ளுங்கோ. நான் வந்து வந்து போவன்."

வந்தான். மார்கழி முழுக்க வந்தான். தையிலை ஒரு பிளாஸ்டிக் கதிரையும் கொண்டுவந்து மணிக்கூண்டடியிலை போட்டான்.

வருசத்திலை ஒரு நிமிசத்துக்குள்ளை அடக்கி வைச்சிருந்த அழுகை இப்ப ஒவ்வொரு நாளும் வருகுது. ஆறு அஞ்சு எண்டால் ஜெரிசன்ரை நேரம். அந்த நேரத்திலை கயிற்றைத் தொட்டுக்கொண்டு வேறை எதை நினைக்கிறது? ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளை திரும்பவும் விழுகிறான், தகப்பன் திரும்பவும் மணி அடிக்கிறார். அழவும் ஏலாது. கதிரையிலை ஒருத்தன் இருந்து முகத்தைப் பாக்கிறான்.

நேற்றுக் கதிரை வெறுமையாய்க் கிடந்தது. றோட்டிலை மோட்டச்சைக்கிளும் இல்லை. சூசைதாசன் உடனை வீட்டுக்குப் போன் எடுத்தார். "இஞ்சேர், சுபாஸ் எங்கை?"

"இஞ்சைதான் இருக்கிறான், தேத்தண்ணி குடிக்கிறான். ஏனப்பா?"

ஒண்டுமில்லை எண்டு போனை வைச்சார். ஆறு மணி. மற்றக் கோயில் மணியள் கேட்டுது. ஒருத்தரும் இல்லை, இப்ப அடிச்சால் ஆர் காணப்போறது? கை கயிற்றுக்குப் போனது. பிறகு கதிரையைப் பாத்தார். கையை எடுத்து, மழைத்தண்ணி நிண்ட கதிரையை உடுத்திருந்த சாரத்தாலை துடைச்சு, அது கிடந்த இடத்திலையே வைச்சார். ஆறு அஞ்சு வரைக்கும் அதுக்குப் பக்கத்திலை நிண்டார்.