நாலு நிமிடம் பத்து விநாடி

நான் கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். எதைச் சொன்னாலும் பாதி விலைக்குக் கேட்டே பழக்கம். அதனால் நீங்களும் இதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதியைத் தள்ளுவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் மூன்றே காட்சியில் படுத்துப்போன ஒரு இசை நாடகம். சரக்கு நல்லது, கட்டிய விதம்தான் கோணல் என்று எனக்குத் தோன்றியது; மறுபடி மேடையேற்ற எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பாதியில் நாயகனின் தங்கை மேடைக்கு அடியிலிருந்து ஒரு தூக்குப் பலகையில் மேலே வந்து பாடுவாள். நாலு நிமிடம் பத்து விநாடி ஒரே புலம்பல். அந்த இடத்தில் எழுந்து போன கூட்டம் திரும்பவில்லையாம். வெட்டிவிட்டேன்.

பழைய நாடகம் நடந்த அதே அரங்கின் கமிட்டி எங்களுக்கு ஒரு பகல் காட்சிதான் கொடுத்திருந்தது. சரியாக இரண்டு மணி நேரம். தாண்டினால் திரை இறங்கும், மறுபடி தேதி கிடையாது. "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா பேசாம எங்கப்பா கடையில உக்காந்துடுங்க" என்று மனைவி சொல்லியாகிவிட்டது.

பாட்டோடு ஓடினால் இரண்டு மணி இரண்டு நிமிடம். பாட்டைக் கழித்தால் தாராளமாக உள்ளே அடங்க வேண்டும். முதல் ஒத்திகை முடிந்ததும் மேடை மேலாளர் பெண்ணைக் கேட்டேன்.

"எவ்வளவும்மா?"

"ரெண்டு மணி ரெண்டு நிமிஷம் சார்."

"பாட்டு இல்லாமலா?"

"பாட்டு இல்லாமத்தான்."

"வாட்சுக்கு பேட்டரி மாத்து."

"மூணு வாட்ச் சார். மூணும் அதான் சொல்லுது."

மறுநாளும் அதே கணக்கு. ஆர்மோனியம் வாசிக்கும் என் மச்சினன் சிரித்தான். "மாமா, நீங்க வெட்டினது பாட்டையா, வாலையா? திரும்ப முளைக்குதே."

மூன்றாம் நாள் என் செல்போனை மேடை ஓரத்தில் வைத்துப் பதிவு செய்தேன். நாலரை மணிக்கு எல்லாரும் டீக்குப் போனார்கள். காலி நாற்காலி வரிசையில் தனியாக உட்கார்ந்து, தள்ளித் தள்ளிக் கேட்டேன்.

ஒரு மணி இருபத்தோராவது நிமிடம். "அவ வரட்டும்" என்கிறான் நாயகன். அடுத்து அவன் அம்மாவின் வசனம் வரவேண்டும்.

வரவில்லை.

அமைதி. மேடையில் பதின்மூன்று பேர். ஒரு இருமல் இல்லை. ஒரு கால் நகரும் சத்தம் இல்லை.

கிர்ர்... கிர்ர்...

சக்கரம் சுற்றுகிற சத்தம். நின்றது. யாரோ மூச்சை நன்றாக இழுத்தார்கள். பாடுவதற்கு முன் இழுப்பார்களே, அப்படி. பாடவில்லை. மறுபடி இழுத்தார்கள்... மறுபடி...

நாலு நிமிடம் பத்து விநாடி. பிறகு அம்மாவின் வசனம், ஒன்றுமே நடக்காததுபோல.

ஒத்திகை முழுக்க நான் முதல் வரிசையில்தான் இருந்தேன். அப்படியொரு இடைவெளி எனக்கு நினைவே இல்லை.

மேடையேறினேன். தூக்குப் பலகை வரும் குழியை எப்போதோ மரம் வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். மண்டியிட்டுக் காதை வைத்தேன்.

மணி 4.41.

டக்.

அடியிலிருந்து ஒரு பெண் குரல். மெதுவாக.

"இப்பவா...?"

ஓடினேன் என்று எழுத மனசில்லை. ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

அன்றிரவே பழைய நாடகத்தின் விளக்குக்காரரைத் தேடிப் பிடித்துப் போனில் கேட்டேன்.

"மூணாவது ஷோ. இடைவேளைல டைரக்டர் அந்தப் பாட்டைத் தூக்கிட்டார். எல்லார்கிட்டயும் சொன்னோம். தங்கச்சியா பாடற அந்த அம்மா இடைவேளைலயே கீழ போய் பலகையில நின்னுடுவாங்க. அவங்ககிட்ட நான் சொல்லியிருப்பேன்னு பலகைச் சக்கரம் சுத்தறவன், அவன் சொல்லியிருப்பான்னு நான்."

"அப்புறம்?"

"ஷோ படுத்துடுச்சு. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, கீழ் கதவையும் பூட்டிட்டு வந்துட்டோம். காலையில திறந்து பார்த்தா... காத்து வராத குழி சார்."

"கத்தியிருக்கலாமே?"

"மேடைக்குக் கீழ மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நான்தான்."

பாட்டைத் திரும்பச் சேர்த்தேன். அதற்கு ஈடாக, நானே எழுதி நானே சிரித்துக்கொண்ட மூன்று நிமிட நகைச்சுவைக் காட்சியைத் தூக்கினேன். காட்சி அன்று பாட்டுக்காரப் பெண் பக்கவாட்டிலிருந்து நடந்து வந்து பாடினாள். யாரும் எழுந்து போகவில்லை. ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிடத்தில் திரை இறங்கியது. கைதட்டல் ஓயவில்லை. கமிட்டி இன்னும் பத்து தேதி கொடுத்தது.

மறுநாள் விளக்குக்காரரை வரவழைத்து, தச்சரை வைத்து அந்த மூடியைப் பிரித்தேன். அந்த அம்மா இறந்த பிறகு பலகையைக் குழியின் அடிவரை இறக்கி, அதைத் தூக்கும் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டியவர் அவர்தான்.

சங்கிலி கட்டியபடியே இருந்தது. துருப்பிடித்து, சக்கரத்தோடு ஒன்றாக ஒட்டிப்போயிருந்தது.

பலகை மேலே வந்து நின்றிருந்தது.